ஒரே நம்பரில் ஆறு பேர்

மார்ச் 3, செவ்வாய்

அழகுபாண்டி அண்ணன் வேனில் அப்பாவை ஏற்றிவிட்டு ஆபீஸ் வந்தேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கே.கே. நகர் சென்டரில் அப்பாவுக்கு டயாலிசிஸ். சமயநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் முன்பே ஏறிவிடுவார்கள். விளாங்குடியில் ஏறுவது அப்பா மட்டும்தான்.

அதே சென்டரின் போன் வேலை இப்போது என் மேஜைக்கே வந்திருக்கிறது. இனி அங்கே போனை எடுக்கப்போவது ஏஐ. நேரம் பதிய, மாற்ற, ரத்து செய்ய அதற்கு வேலைக்கொரு டூல் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம். அந்த வரிகளைப் படித்துத்தான் எந்த டூலை எப்போது எடுப்பது என்று அது முடிவு செய்யும். வரிகள் அதைச் சரியான வழியில் கொண்டுபோகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இதுவரை எல்லாம் பாஸ்.

மார்ச் 5, வியாழன்

வேன் பஞ்சர். அழகுபாண்டி அண்ணன் எங்கள் வாசலில் நின்றே சென்டருக்குப் பேசினார். "சிஸ்டர், இன்னைக்கு முடியாது போல. வச்சுர்றேன்." அவ்வளவுதான். யாருக்கு, எந்த நேரம், ஒன்றும் சொல்லவில்லை. சென்டர் நர்ஸ் மரியம்மாள் சிஸ்டருக்கு அந்தக் குரல் போதும், தாமதமாக வந்தாலும் இடம் வைத்திருந்தார். ஏஐக்கு?

மார்ச் 6, வெள்ளி

அதே வார்த்தைகளை, அவர் நம்பரிலிருந்து வரும் அழைப்பாகச் சோதனையில் போட்டேன். "ரத்து செய்துவிட்டேன், நன்றி" என்று பணிவாகச் சொன்னது. பதிவேட்டின் நகலைத் திறந்து பார்த்தால் ஆறு பேர் காலி. இன்றைக்கு மட்டுமில்லை, இனி வரும் எல்லா நாளும்.

ரத்து டூலின் விளக்கத்தில் இருந்த வரி இது: 'அழைப்பவர் வர இயலாது என்றால் அந்த நம்பரில் உள்ள பதிவுகளை ரத்து செய்யவும்.' செல் இல்லாதவர்கள், காது கேளாதவர்கள் எல்லாரும் வேன்காரர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆறாவது பெயர் இன்பசேகரன்.

அப்பா!

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏம்ப்பா என் நம்பரக் குடுக்கல?"

"ஆபீஸ் நேரத்துல நீதான் எடுக்க மாட்டியேம்மா." கோபமே இல்லாமல் சொன்னார்.

சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

போன மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான் டயாலிசிஸ் தவறியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. ஒரு தடவைக்கே அப்படி. ஐயோ, எல்லா நாளும் போச்சுன்னா? ஆண்டவரே.

மார்ச் 9, திங்கள்

டீம் லீடர் செல்வக்குமார் அண்ணனிடம் சொன்னேன். "அம்புட்டு டெஸ்ட்டும் பாஸ் ஆயிருச்சு. ஒரு வேனுக்காக நிறுத்தச் சொல்றியா டயானா? அடுத்த திங்கள் லைவ்."

"அந்த வேன்லதான் எங்கப்பா போறாருண்ணே."

நாற்காலியைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தார். பிறகு, "அதுக்குள்ள நீயே சரி பண்ணிரு" என்றார். அதட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எங்கள் டெஸ்ட் வாக்கியங்களைப் படித்தேன். 'வணக்கம், என் பெயர் இன்னார், எனது பதிவை ரத்து செய்ய விரும்புகிறேன்.' மதுரையில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? எழுதியது நான்தான்.

மார்ச் 11, புதன்

விளக்கத்தை மாற்றினேன். பயத்தில் ஒரு பக்கத்துக்கு நிபந்தனை போட்டுவிட்டேன். இப்போது ஏஐ பெயர், பிறந்த தேதி, பதிவு எண் என்று துருவுகிறது. அழகுபாண்டி அண்ணனையே சோதனை நம்பரில் பேசச் சொன்னேன்.

"வண்டி ஓட்டுறவன்ட்ட இம்புட்டு கேள்வியா? நம்ம வேன்ல வர்ற ஒச்சாயிக்கா பொறந்த தேதி அதுக்கே தெரியாது பாப்பா. நான் வச்சுர்றேன்."

வைத்தேவிட்டார். யாரும் ரத்தாகவில்லை, ஆனால் சென்டருக்கு ஒரு தகவலும் போகவில்லை. இதுவும் ஆபத்துதான். என்னதான் செய்வது?

மார்ச் 13, வெள்ளி

மொத்தத்தையும் அழித்துவிட்டு மூன்றே வரி. 'ஒரே நம்பரில் பலர் இருக்கலாம். பெயர் சொல்லப்பட்டவருக்கு, சொல்லப்பட்ட நாளை மட்டும் ரத்து செய்யவும். பெயரோ நாளோ சொல்லாவிட்டால் எதையும் தொடாமல் உடனே சிஸ்டருக்குத் தெரிவிக்கவும்.'

கோபமாகப் பேசிப் பார்த்தேன், பஸ் இரைச்சலில் பேசினேன், பாதியில் வைத்தேன். சரியாகத்தான் செய்கிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

லைவ்.

மார்ச் 17, செவ்வாய்

மீட்டிங் நடுவில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அப்பா கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் எழுந்து ஓடினேன். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவர், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று கேட்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த வாரம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுப்பேன்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் மரியம்மாள் சிஸ்டர் அழைத்தார். போனைக் காதில் வைத்தபடியே படிக்கட்டுக்கு ஓடினேன்.

"பயப்படாதீங்கம்மா. வேன் பெல்ட்டு பாதி வழியில அறுந்துபோச்சாம். அழகுபாண்டி வழக்கம்போல ஒண்ணும் சொல்லாம வச்சுட்டாரு. உங்க ஏஐ எதையும் ரத்து பண்ணல, எனக்குத் தகவல் குடுத்துருச்சு. அவரத் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டு ரெண்டு ஆட்டோ அனுப்பிட்டோம். எல்லார் வீட்டுக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மூச்சு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. "சிஸ்டர், அப்பாவுக்கு வேன்காரர் நம்பர்தான இருந்துச்சு?"

"போன வியாழனே மாத்தச் சொல்லிட்டாரே. 'எம்மக இப்பல்லாம் போன எடுக்குறா'ன்னாரு."

சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா கட்டிலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.