நிற்கிற வண்டியின் பெல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

போன வாரம் கம்பெனி ஸ்கூட்டரில் போகும்போது, சக்கரத்தை ஓட்டும் ரப்பர் பெல்ட் அறுந்து விழுந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

"சத்தம் வரட்டும்னு இருந்தியா? பெல்ட் சொல்லிட்டா அறுந்துபோகும்? சும்மா நிக்கிற வண்டியிலயும் அதுக்கு வயசாகும்ப்பா," என்று மெக்கானிக் திட்டினார்.

நம் வீட்டு ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் நான் மாட்டிய பெல்ட், ஐந்து வருஷமாகிறது. போனில் கேட்டால், "நீ வந்து மாத்திக்கலாம்டா" என்று வண்டியை எடுக்காமலேயே வைத்திருக்கிறீர்கள்.

இந்த வருஷமும் லீவு இல்லையாம் அப்பா. கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். அம்மாவை அதிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எனக்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நான் மாட்டிய அந்தப் பழைய பெல்ட்டை மட்டும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகன்