மேல் அம்புக்குறி

அம்மா, தப்பு உன் விரலில் இல்லை. அன்று நான் உன்னிடம் சொல்லாதது அது ஒன்றுதான்.

இன்று நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பழைய கணினி எதையோ சேமிக்க மறுத்து, கறுப்புத் திரையில் ‘ஆக்சஸ் டினைட்’ என்று காட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தபடி அதன் தலையில் தட்டினார்கள். எனக்கு மட்டும் உன் பள்ளிக்கூட அலுவலகத்தின் கோந்து வாசனை வந்தது.

காலமெல்லாம் டைப்ரைட்டரில் பிழையில்லாமல் அடித்த உன்னைக் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டுதான் சுவிட்சைத் தட்டுவாய். எப்படியோ பழகியும்விட்டாய். பிறகுதான் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. நீ அடித்துவைத்த பரீட்சைப் பெயர்ப்பட்டியலில் மறுநாள் ஒரு திருத்தமும் ஏறாது. பழைய தப்புகளோடு பட்டியல் பரீட்சைத் துறைக்குப் போய்விடும். இன்னொரு முறை இப்படி நடந்தால் கணினி தெரிந்த வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக நிர்வாகி சொல்லிவிட்டார்.

“நான் எதையும் அமுக்கலடி. ஒரு எட்டு வந்து பாரேன்” என்றாய். காரைக்குடியில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நான் வந்தேன்.

உன் கோப்புகள் மட்டும், படிக்கலாம் ஆனால் மாற்ற முடியாது என்று பூட்டப்பட்டிருந்தன. ‘அட்ரிப்’ என்ற கட்டளையோடு கழித்தல் குறியும் ஆர் எழுத்தும் தட்டினால் பூட்டு விலகும். கூட்டல் குறி போட்டால் பூட்டிக்கொள்ளும். விலக்கினேன். நீ ஒரு பெயரைத் திருத்திப் பார்த்தாய். ஏறியது.

“அக்கா டைப்ரைட்டருக்கு ராணி. இந்தப் பெட்டிதான் அவுகளக் கண்டா மாமியா மாதிரி மொறைக்குது” என்றார் பக்கத்து மேஜை லூர்து சித்தி.

“நீ வேற, என் மாமியாவே தேவல லூர்து” என்று நீ சிரித்தாய். மானகிரியிலிருந்து வந்து உன்னோடு வேலை பார்த்தவர் அவர். குழம்பை மாற்றிக்கொள்ளாமல் நீங்கள் இருவரும் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

அன்று அவர் முதலில் சாப்பிட்டு எழுந்து உள்ளே போனார். நீயும் நானும் குழாயடியில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தோம். நான் திரும்பி வந்தபோது திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்தக் கணினியில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளைகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அழுத்தினேன். திரையைத் துடைக்கும் கட்டளை வந்தது. அது நான் தட்டியதல்ல. மறுபடி அழுத்தினேன். அட்ரிப். கூட்டல் குறி. ஆர்.

நீ சேலையில் கையைத் துடைத்தபடி வந்தாய். உனக்குப் பின்னால், கொய்யாத் துண்டுகளோடு லூர்து சித்தி. அவர் பார்வை என் விரல்மேல் இருந்தது.

“என்னடி, மிசினும் என்னாட்டம் கெழடு தட்டிப்போச்சா?”

“ஆமாம்மா” என்றேன். பூட்டை மறுபடி விலக்கினேன்.

உனக்கிருந்த ஒரே சிநேகிதியைப் பறித்துக்கொண்டு உன் வேலையைக் காப்பாற்றித் தருவதா என்று வீடு திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டா கொறஞ்சா போயிருவோம்?” என்றாய். என்னிடம் கேட்டாயா, உன்னிடமேயா, தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருந்ததோ என்ற சந்தேகத்தை நான் இன்னும் இறக்கிவைக்கவில்லை. தெரிந்திருந்தால் நீ தனியாகத் தாங்கினாய். தெரியாதென்றால் உன்னையே குற்றவாளி என்று நம்பினாய். எது உனக்கு லேசாக இருந்திருக்கும்?

பட்டியல் மறுபடியும் பழைய தப்புகளோடு போனது. நீ நிர்வாகியிடம் மன்னிப்புக் கேட்டு, வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாய். உன் நாற்காலிக்கு லூர்து சித்தியின் தங்கை மகள் வந்தாள். வீட்டில் ரேடியோவைக்கூட நீ திருகவில்லை. “நீயே போடுடி, நான் தொட்டா கெட்டுப்போகும்” என்பாய். அந்த வருஷத்துத் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வருமுன் நெஞ்சுவலியில் போய்விட்டாய். அடக்கத்தன்று உன் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டவர் லூர்து சித்தி.