மிளகுக் களத்து நாய்

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில். காற்று துளியும் இல்லை. அடுத்த வீட்டு நாய்க்காக எவ்வளவு தூரம் சண்டை போடலாம்? காலையிலிருந்து யோசித்தும் தெரியவில்லை.

பள்ளி விடுமுறை, அதனால் கண்ணில் படுகிறது. பெரியசாமி அண்ணன் தன் மிளகுக் களத்தின் ஓரத்தில் ஜிம்மியைக் கட்டிவைத்திருக்கிறார். பத்திலிருந்து நாலு வரை. காயும் மிளகைக் கோழியும் குரங்கும் கலைக்காமல் இருக்க. சிமெண்டுத் தரை. புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். அலுமினியச் சட்டியில் தண்ணீரே சுடுகிறது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "மலையில என்னங்க டீச்சர் வெயிலு? கீழ அடிவாரத்துல, காரவள்ளி நாய்ங்களே நல்லாத்தான் இருக்குதுங்க."

வாங்க: மண்சட்டி, கடுகு, தீப்பெட்டி.

ஏப்ரல் 22, புதன்

பஸ்ஸில் போய் மண்சட்டி வாங்கினேன். கடுகு, தீப்பெட்டி மறந்தாயிற்று.

தரையோர மண்ணில் நாலு குச்சி நட்டு, நாய்க்கு மேலே வெள்ளைச் சாக்கு கட்டினேன். இரண்டு மணிக்கு அதன் நிழல் மிளகின் மேல் சாய்ந்தது. பெ. அண்ணன் பிடுங்கிப் போட்டார். "பூசணம் புடிச்சா ஏவாரி தொடமாட்டானுங்க. நாய்க்குக் கொட்டாய் போட்டீங்க, எங்களுக்கு எப்பங்க போடுவீங்க?"

அவர் மனைவி பாப்பாத்தி சிரித்தாள். வெறுங்காலால் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள், அதே தரையில். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொண்டுபோகவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எரிச்சல். யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

ஏப்ரல் 23, வியாழன்

வெயில் நேற்றைவிட மோசம். மறுபடி பெ.யிடம். பதினொன்றிலிருந்து மூன்று வரை அவிழ்த்துவிடுங்கள், கோழியை நான் விரட்டுகிறேன் என்றேன். "உங்க பிரியமுங்க." அவிழ்த்துவிட்டார்.

இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள பலா நிழலில் மண்சட்டியை வைத்துக் கூப்பிட்டேன். ஜிம்மி வந்தது, நாலு வாய் குடித்தது, திரும்பிப் போய் அதே சுடுதரையில் படுத்தது. மூன்று முறை.

"பாத்தீங்களா, அதுக்கே வெயிலு புடிச்சிருக்குது," என்றார் பெ.

அவர் போன பிறகு பாப்பாத்தி: "குட்டியா இருக்கையில களத்த உட்டு எந்திரிச்சா அடிப்பாருங்க. அந்தப் பயம் போகலீங்க."

ஆக, சங்கிலியே தேவையில்லை. இத்தனை நாளும் நான் சங்கிலியோடுதான் சண்டை போட்டிருக்கிறேன். நாயையும் திட்டினேன். அது வாலை ஆட்டியது.

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் கடைசி முயற்சி. பலா மரத்திலேயே கட்டிவிடுங்கள் என்றேன். "அங்க கட்டுனா இங்க கோழிய யாருங்க வெரட்டுறது? நீங்க தெனமும் வருவீங்களா?"

ஒன்றரை மணி. "டீச்சர், ஓடியாங்க, நாயி தள்ளாடுது." பாப்பாத்தி.

வாயில் நுரை. ஈறு செங்கல் நிறம். மூச்சு இரைப்பு. பெ. அதைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். ஈரச் சாக்கால் மூடப் போனார். கால்நடை டாக்டரைப் போனில் பிடித்தேன். மூடக் கூடாது என்றார். வயிறு, தொடை இடுக்கு, பாதம், எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாயில் பலவந்தமாக ஊற்றக் கூடாது. கொஞ்சம் ஆறியதும் தூக்கி வர வேண்டும்.

குடம் குடமாக நான் ஊற்றினேன். பாப்பாத்தி மிளகு புடைக்கும் முறத்தால் விசிறினாள். பெ. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரி சாமி, எந்திரி கண்ணு," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். களத்தில் ஏழெட்டுக் கோழிகள். யாரும் விரட்டவில்லை.

அரை மணி கழித்துத் தலை தூக்கியது. பிறகு டாக்டர், ஊசி, குளுக்கோஸ். நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

"நான் சொன்னேனே" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 25, சனி

ஜிம்மி பிழைத்தது. காலையில் கஞ்சி குடித்தது. பெ. தானே அதைப் பலா மரத்தில் கட்டினார், நீளக் கயிறு. என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணிக்குத் தண்ணீரோடு போனேன். களத்து ஓரத்தில், நாய் படுக்கும் இடத்தில், பாப்பாத்தி. தலையில் துண்டு, கையில் குச்சி. பத்து மணியிலிருந்தாம்.

அண்ணன் எங்கே என்று கேட்டேன். குச்சியால் பலா மரத்தைக் காட்டினாள். நிழலில் நாய் தூங்குகிறது. பக்கத்தில் துண்டை விரித்து அவரும்.

"தனியா உட்டா அது பயந்துக்குமாமுங்க," என்றாள்.