வெறுங்காலுடன் உள்ளே வரக்கூடாது

போன வாரம் ரோஸ் பெல்லில் உள்ள சீனர் கடையில் யாரோ ஒரு யூடிகோலன் புட்டியைத் தவறவிட்டு உடைத்துவிட்டார்கள். வாசனை கடை முழுவதும் பரவியது. கடைக்காரர் கத்தினார், பெண்கள் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, நகங்களைக் காட்டிக்கொண்டு நின்றேன். தலை நரைத்த மனிதன் இப்படி நிற்பதைப் பார்த்து, கடன் கேட்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் இறந்து ஒரு மாதம் ஆகிறது என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மிசியே, என் வாத்தியாரே, உங்கள் மறைவுக்குப் பிறகு எல்லோரும் உங்களைப் புகழ்கிறார்கள். ஒழுங்கு என்றால் அவர்தான் என்கிறார்கள். நானும் புகழவே உட்கார்ந்திருக்கிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பது நம் வழக்கம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அதில் உள்ள நல்லதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுயாக் பள்ளிக்கூடத்தின் காலை நேரத்தை நான் மறக்கவில்லை. தகரக் கூரைக்கு மேல் கடல்காற்று, வாசலில் எங்கள் வரிசை, வரிசையின் தலைப்பில் நீங்கள். கறுப்புக் கோட்டு, இடது கையில் யூடிகோலன் நனைத்த கைக்குட்டை, வலது கையில் ஈரமான பஞ்சு. கைக்குட்டை உங்கள் மூக்குக்கு, பஞ்சு எங்கள் நெற்றிக்கு. அம்மா இட்டனுப்பிய திருநீற்றைச் சிலேட்டைத் துடைப்பதுபோல ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு உள்ளே விடுவீர்கள். தலையில் தேங்காய் எண்ணெய் வழிந்தால் சன்னல் ஓரத்து இருக்கை. நகத்தில் செம்மண் இருந்தால் ரூல்தடி. அதில் ஒருநாளும் பாரபட்சம் இருந்ததில்லை. கரும்புக்காட்டில் வாழும் பிள்ளைகள் எல்லோருடைய நகத்திலும் செம்மண் இருந்தது, எல்லோருக்கும் அடி கிடைத்தது.

எங்களுக்கு மட்டும் சட்டம் போட்டு நிறுத்திக்கொள்ளும் சின்ன மனம் உங்களுக்கு இல்லை. பெற்றோருக்கும் போட்டீர்கள். ஆண்டின் முதல் நாள் அவர்களை முற்றத்து வாதாமரத்தடியில் நிற்கவைத்து, படியின் மேல் நின்று, சட்டங்களைப் பிரெஞ்சில் வாசிப்பீர்கள். ஒவ்வொன்றும் முடியும்போது அவர்கள் தலையாட்டி "வீ, மிசியே" என்பார்கள். பிறகு கேட்டுக்கு வெளியே வந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

"என்னாதான் சொன்னாரு?"

"தெரியலே. ஆனா நல்லா சொன்னாரு."

"தமிழ்ப் புள்ளைதானே அவரு? நம்ம பேச்சுல ரெண்டு வார்த்தை சொன்னா என்னாவாம்?"

"சொன்னா கோட்டு அழுக்காயிடும்."

மாலையில் அந்தச் சட்டங்களை அவர்களுக்குப் புரியும்படி சொல்வது பிள்ளைகளின் வேலை. எங்களுக்குப் பிடிக்காத சட்டங்களை விட்டுவிடுவோம். ஆனால் ஒன்றை மட்டும் யாராலும் விட முடியவில்லை. வெறுங்காலுடன் பெற்றோர் யாரும் வகுப்பு வாசற்படியைத் தாண்டக்கூடாது. பள்ளிக்கூடம் மாட்டுக்கொட்டகை அல்ல என்பது நீங்கள் சொன்ன காரணம். அதனால் தகப்பன்மார் சன்னலுக்கு வெளியே நின்று பேசுவார்கள், நீங்கள் சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று பதில் சொல்வீர்கள். இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப வேண்டுமானால் தகப்பன் நேரில் வந்து, உங்கள் மேசைக்கு முன்னால் நின்று, கைநாட்டு வைக்க வேண்டும். மேசை உள்ளே இருந்தது. செருப்பே காணாத கால்கள் வெளியே இருந்தன. அது அரசாங்கத்தின் சட்டமா உங்கள் சட்டமா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அந்த ஆண்டு மூன்று பேரைப் பொறுக்கினீர்கள். தச்சர் மகன் ஒருவன், கடைக்காரர் மகன் ஒருவன், நான். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, அந்த முறை பெயர் போகாவிட்டால் பிறகு போகாது என்று நீங்களே சொன்னீர்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு அன்றிரவு சாப்பிடவில்லை. எஸ்டேட்டில் வெட்டிய கையால் எங்கள் ஊர் சுரினாம் மேட்டில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கிக் கரும்பு போட்டிருந்தார். தன் மகன் கையில் கத்தி ஏறக்கூடாது, பேனாதான் ஏற வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு இப்போது ஒரு ஜோடி சப்பாத்து தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்தில் சப்பாத்து வைத்திருந்தவர் என் தாய்மாமன் ஒருவர்தான். எஸ்டேட்டில் சர்தார், அதாவது ஆட்களை விரட்டி வேலை வாங்குபவர். தன் கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடியைப் பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். சப்பாத்தை எங்கள் பக்கத்தில் சுலியே என்றுதான் சொல்வோம்.

"மச்சான், இந்த சுலியே என் காலைக் கடிச்சாச்சு. இனி உன் காலைக் கடிக்கட்டும்."

"உன் காலு சின்னது மச்சான். என் காலு இதுக்குள்ளே போவுமா?"

"தள்ளுனா போவும். வரும்போதுதான் வராது."

சாயங்காலங்களில் அப்பா முற்றத்தில் நடை பழகினார். கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு இப்படிப் போவார், அப்படி வருவார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"வாத்துகூட இதைவிட நல்லா நடக்கும்."

"வாத்து மகனுக்கு யாரு பரீட்சை வைக்கிறாங்க? நீ உன் வேலையைப் பாரு."

அந்த நாள் வந்தது. சப்பாத்தின் கயிறுகளை முடிந்து தோளில் போட்டுக்கொண்டு அப்பா சுரினாமிலிருந்து நடந்து வந்தார். கேட்டருகே குழாயில் கால் கழுவினார், துடைத்தார், சப்பாத்துக்குள் கால்களைத் திணித்தார். அப்புறம் முற்றத்தைக் கடந்தார். சன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தார். ஆனால் நேராக நடந்தார், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்தார்.

வாசலுக்கு வந்து நின்றார். நீங்கள் மேசையிலிருந்து தலை நிமிராமல் "ஆந்த்ரே" என்றீர்கள். உள்ளே வா என்று அர்த்தம், அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அப்பா குனிந்தார். கயிறுகளை அவிழ்த்தார். சப்பாத்து இரண்டையும் கழற்றி, வாசற்படிக்கு வெளியே ஓரமாகச் சேர்த்து வைத்தார். படியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வெறுங்காலுடன் உள்ளே வந்தார்.

மிசியே, ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் இருந்த எவருக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சப்பாத்துப் போட்டு நடக்க அவருக்கு வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்த நாங்கள், வாசலில் அதைக் கழற்றக்கூடாது என்று சொல்ல வேண்டும் என நினைக்கவே இல்லை. ஏடும் எழுத்தும் இருக்கும் இடத்தில் யாராவது சப்பாத்தோடு ஏறுவார்களா? அவர் கழற்றியது எங்கள் கண்ணில் படக்கூட இல்லை. பட்டது உங்கள் கண் ஒன்றில்தான்.

கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனீர்கள். பிறகு, அத்தனை ஆண்டுகளில் அந்த ஒரே ஒரு முறை, வகுப்பில் தமிழ் பேசினீர்கள்.

"வெறுங்காலோட உள்ளே வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

உங்களைவிட மூத்தவரை 'உனக்கு' என்றீர்கள். அழகான தமிழ், கொஞ்சமும் துருவேறவில்லை.

அப்பா பதறிப்போனார். "இருக்கு மிசியே. சுலியே இருக்கு. வெளியே வச்சிருக்கேன். படிப்பு சொல்ற இடத்துலே அதைப் போட்டுக்கிட்டு எப்பிடி மிசியே ஏறுறது?"

"போட்டுக்கிட்டு வா."

அவர் வெளியே போனார். நீங்கள் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். மணி அடித்துப் பாடம் தொடங்கிவிட்டால் வெளியாருக்கு அனுமதி இல்லை, அது இன்னொரு சட்டம். அப்பா படியில் உட்கார்ந்து காலைத் திணித்தார். வீங்கிய கால் போகவில்லை. நின்றுகொண்டு திணித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு திணித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வகுப்பில் சிரித்தால் ரூல்தடி என்பது நீங்கள் போட்ட சட்டம்தான். ரூல்தடி மேசைமேல் கிடந்தது, நீங்கள் அதைத் தொடவில்லை. அது புரிந்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

கடைசியில் பின்பக்கத் தோலை மிதித்து மடக்கி, பாதிக் காலை நுழைத்துக்கொண்டு, இழுத்து இழுத்து அப்பா வாசலில் வந்து நின்றார். நெற்றி வேர்த்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது, எப்படியோ வந்துவிட்டேன் என்ற சிரிப்பு. நீங்கள் அவர் குதிகாலைப் பார்த்தீர்கள். சப்பாத்தை அணிய வேண்டும், இழுக்கக்கூடாது என்று பிரெஞ்சில் சொன்னீர்கள். அவருக்கு அதை மொழிபெயர்க்கும்படி என்னைக் கூப்பிட்டீர்கள். நான் எழுந்து நின்றேன். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்தது.

தச்சர் மகன் பெயர் போனது. கடைக்காரர் மகன் பெயர் போனது.

மத்தியானம் சொல்வதெழுதுதல் வைத்தீர்கள். மனிதனை மிருகத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அவன் காலணியே என்ற பொருளில் ஒரு பத்தி, அன்றைக்கென்றே நீங்கள் இயற்றியது. நான் ஒரு பிழையும் விடவில்லை. என் சிலேட்டில் 'மிக நன்று' என்று எழுதி, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினீர்கள். திறமையை நீங்கள் ஒருபோதும் மறைத்தவர் அல்ல.

அந்த ஆண்டு காவடி நாளில் கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள உங்கள் தாயார் வீட்டு வழியாக வந்தேன். படியில் உங்கள் சப்பாத்துகள் இருந்தன, சேர்த்து, ஓரமாக. உள்ளே வெறுங்காலுடன் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அம்மாவிடம் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. மனிதனுக்கு எங்காவது ஓரிடத்தில் கால் இருக்கத்தானே வேண்டும். அப்பா ஏன் கழற்றினார் என்று அந்த அறையில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் நீங்கள் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

பிறகு என்ன. நான் கரும்புக்காட்டுக்குப் போனேன். கத்தி கையில் ஏறியது. பல வருடம் கழித்து, பிரெஞ்சில் ஒரு மனு எழுதிக் காட்டியதால், ரோஸ் பெல் பக்கம் கரும்பு நிறுக்கும் இடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த நன்றி உங்களுக்குத்தான். தமிழைக் கோவில் பூசாரியிடம் படித்தேன், அப்பாதான் கொண்டுபோய் விட்டார். அங்கே அவரும் உள்ளே வர முடிந்தது. வேறு எங்கும் அவர் அதன்பின் உள்ளே போகவில்லை. நிலப் பத்திரம் பதிய வேண்டுமென்றால் வெளியே வெயிலில் நிற்பார், எழுத்தர் எழுந்து வர வேண்டும். கடையில் சாமான் வாங்கினாலும் தெருவிலிருந்தே குரல் கொடுப்பார். "உள்ளே வாங்களேன்" என்று யாராவது கூப்பிட்டால் தன் கால்களைக் குனிந்து பார்ப்பார். அன்று நடந்ததைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அம்மா ஒருமுறை உங்களைச் சபித்தபோது, "அவரைத் திட்டாதே, படிச்சவரு" என்றார்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மாட்டுவண்டியில் சுயாக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விறாந்தைப் படிவரை ஏறினார். வாசலில் நின்றுவிட்டார். இழுத்துப் பார்த்தேன், நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கேளுடா. முதல்ல கேளு. உனக்குத்தான் நல்ல பிரெஞ்சு வருமே."

"அப்பா, இங்க அதெல்லாம் கிடையாது. வாங்க."

"கேளு."

கேட்டேன். என் தந்தை வெறுங்காலுடன் உள்ளே வருவதற்குத் தாங்கள் அனுமதி அளிப்பீர்களா என்று அங்கே நின்ற கன்னியாஸ்திரீயிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது. கரும்புக்காட்டு ஆளின் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமான பிரெஞ்சை அவர் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு முறையாக ஒருவன் கேட்கிறான் என்றால் அப்படி ஒரு சட்டம் இருந்தே தீரும் என்று நினைத்துவிட்டார். எங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு மூத்த கன்னியாஸ்திரீயிடம் போனார். அவருக்கும் தெரியவில்லை. இருவருமாக டாக்டரைத் தேடிப் போனார்கள். அப்பா படியில் உட்கார்ந்து என் முழங்காலில் சாய்ந்துகொண்டார். நல்லா கேட்டியே என்று என் கையைத் தட்டினார்.

அவர்கள் ஓடிவந்தார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை, தாராளமாக உள்ளே வரலாம் என்றார்கள். அதற்குள் அப்பாவுக்கு உள்ளே போக வேண்டிய வேலை முடிந்துவிட்டிருந்தது.

மிசியே, நீங்கள் சொல்லிக் கொடுத்தவற்றில் பலவற்றை மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் கேட்ட அந்த ஒரு பிரெஞ்சு வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், உங்கள் உச்சரிப்பிலேயே சொல்வேன். எத்தனையோ முறை அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு இடத்திலாவது நான் தடுமாறியிருந்தால், ஒரு சொல்லாவது தப்பாக வந்திருந்தால், அந்தக் கன்னியாஸ்திரீ சிரித்துக்கொண்டு வா, வா என்று அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பார். தேடிப் பார்க்கிறேன். ஒரு பிழையும் இல்லை.