அட்டையில் வரைந்த எழுத்துகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பது நீ அனுப்பும் படங்களிலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை. எனக்கு மணிக்கட்டு வலி முக்கால்வாசி போய்விட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும், யோசனை உன்னுடையதுதானே.

தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று நான் போனில் அழுதபோது, "கீபோர்டு லேஅவுட்ட மாத்திடுக்கா, ரெண்டே வாரம்தான் கஷ்டம்" என்றாய். அடிக்கடி வரும் எழுத்துகளெல்லாம் விரலுக்கு அடியிலேயே வந்துவிடும், விரல் தாவித் தாவி அலைய வேண்டாம் என்றாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்து ஓர் அட்டையில் கட்டம் போட்டு வரைந்து, திரைக்குக் கீழே சாய்த்து வைத்தேன். பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அடித்த விரல்கள், சொன்ன பேச்சைக் கேட்குமா? ஓர் அறிக்கைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, இன்னைக்குதான் வேலைக்குச் சேர்ந்தீங்களா" என்று கேலி செய்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு மட்டும் உரியதல்ல. இதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்கு நான் எழுந்தால் அதே நாற்காலியில் மதிய ஷிஃப்டுக்காரர் உட்காருவார், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். தினமும் பழைய முறைக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். நான்காவது வாரத்தில் ஒரே ஒரு நாள் மறந்தேன். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்து, போட்டது போட்டபடி ஓடினேன். அவரோ ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் திரையைப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. ஆபரேஷனுக்கு அவசரமாகக் கேட்ட அறிக்கை அது. அரை மணி நேரம் தாமதமானது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று சூப்பர்வைசர் மறுநாள் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்.

அந்த வாரமே என்னைக் கீழ்த்தளத்துப் பழைய ஃபைல் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் விடவில்லை, வீட்டில் உட்கார்ந்து பழகினேன். ஏழாவது வாரத்தில் என் பழைய வேகத்தைத் தாண்டிவிட்டேன். ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "அதான் ஆள் போட்டாச்சேம்மா" என்றார், தலை நிமிராமல். இப்போது பெட்டி பெட்டியாகத் தூக்குகிறேன். கை வலி போய் இடுப்பு வலி வந்திருக்கிறது. அதற்கும் ஏதாவது லேஅவுட் இருந்தால் சொல்.

என் இடத்துக்கு வந்திருப்பது ஒரு சின்னப் பெண். நேற்று லிஃப்ட் வாசலில் மணிக்கட்டைப் பிசைந்துகொண்டு நின்றாள். எப்போதிருந்து வலி என்று கேட்டேன், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "வேணாம்க்கா, என்னையும் கீழ அனுப்பிடுவாங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அட்டையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உன் மேல் கோபமா என்று கேட்பாய். கோபம்தான். ரெண்டே வாரம் என்று உன்னால் சொல்ல முடிகிறது. அந்த ரெண்டு வாரம் என் நாற்காலி எனக்காகக் காத்திருக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? உன் காலேஜ் ப்ராஜெக்ட் முழுவதையும் அடித்துக் கொடுத்தவள் நான். அப்போது எனக்குக் கை வலித்ததா என்று நினைவில்லை. உனக்கும் இருக்காது.

இந்தக் கடிதத்தைப் புது முறையில்தான் அடித்தேன், அட்டையைப் பார்க்காமல். எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று தேடிப் பார். ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கப் போவதில்லை, நீயாவது பார்த்துவிட்டு, அக்கா நன்றாக அடிக்கிறாள் என்று ஒரு வரி எழுது. போன் வேண்டாம்.

உன் கைகள் என்றைக்கும் வலிக்காமல் இருக்கட்டும்.

உன்
அக்கா