கஷாயம் குடித்த கறிவேப்பிலைச் செடி

அன்புள்ள அம்மணிக்கு,

மொபெட் சர்வீசில் இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியது பொய். விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில்தான் என் சிநேகிதன் வஹீதின் புற்றுநோய்க்குப் பல்லடம் வைத்தியரிடம் கஷாயம் வாங்குகிறேன். "ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்க" என்றாய் நீ. நம்பிக் குடிக்கிறவனிடம் எப்படிச் சொல்வதென்று வாயைத் திறக்கவில்லை. ஊர்வம்பெல்லாம் பேசுகிற வாய்தான்!

இன்று அவன் கஷாயத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும்போது பிடித்துவிட்டேன்.

"ஏப்பா, எத்தனை நாளா இது?"

"ரெண்டாவது பாட்டில்ல இருந்து. வண்டிய வித்துப்போட்டு வாங்கியாறே. வேண்டாம்னா உம்மனசு நோவுமேன்னுதான்..."

"நீ நம்பறீன்னுதான்டா நானே வாங்குனேன்!"

அவன் மனைவி ஆமினா வெளியே வந்தார். "ரெண்டு பேரும் மரியாதை பார்த்தது போதுங்க. திங்கக்கெழமை ஆஸ்பத்திரில கரண்ட் வெக்கோணும், அதான் அந்தக் கதிர்வீச்சு. டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

இன்னும் காலம் தப்பவில்லை, குணமாக்கிவிடலாம் என்றாராம் டாக்டர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மீதிக் கஷாயத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அந்தச் செடிக்குப் பொறுமை அதிகம்.

பவானியிலிருந்து ஞாயிறே வந்துவிடு. அவனை உள்ளே அனுப்பிய பிறகு, வெளியே பெஞ்சில் எனக்குப் பேச ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
வண்டியில்லாத உன் வீட்டுக்காரன்