கண்ணாடி வேர்த்த மழை

மச்சான், இப்படி ஒரு மழை வரும், கண்ணாடி வேர்க்கும் என்று எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். கேட்கத்தான் நீ உயிரோடு இல்லை. இன்று காலை திருப்பாதிரிப்புலியூரில் உன் பழைய காரைக் கிளப்பி ஏசியைப் போட்டதும் அந்த ஈரக்கோணி வாசனை அடித்தது. பின்சீட்டில் உன் மகள். சிதம்பரத்தில் கல்லூரி அவளுக்கு.

அன்றைக்கும் இதே சாலைதான். அவளுக்கு மூன்று வயது, நெஞ்சில் இழுப்பு. என் தங்கை அவளை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்தாள். நீ ஓட்ட, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஒவ்வொரு மழைத்துளியும் தேங்காய் அளவு! குழந்தைக்கு ஈரக்காற்று ஆகாதென்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டோம். புதுச்சத்திரம் தாண்டியதும் முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்தது. துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி வெளுத்தது. எதிரே லாரியின் ஹாரன் கேட்டது, லாரி தெரியவில்லை. நான் கத்தினேன்.

"வாய மூடு மச்சான்! நீ வுடுற மூச்சுலதான் கண்ணாடி பூரா வேர்க்குது" என்று அதட்டினாய் நீ.

"அப்போ ஏசியப் போடு" என்றேன், தைரியமாக.

போட்டாய். குழந்தை நடுங்காமலிருக்கச் சூட்டுக் குமிழையும் திருகினாய். கண்ணாடியில் உள்ளங்கை அளவு தெளிந்தது. அதில் லாரியின் முகம் முழுசாக இருந்தது. காரை இடதுபக்கச் சேற்றில் இறக்கிவிட்டாய்.

இன்று அதே இடத்தில் உன் மகளுக்கு விளக்கினேன். ஜப்பான்காரனே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயமாயிற்றே! "கம்ப்ரஸர் கேஸ நசுக்கும், அது கொதிக்கும். முன்னாடி இருக்கிற ஜல்லடையில காத்து பட்டு ஆறித் தண்ணியாவும். சின்ன ஓட்டையில சீறிப் பாஞ்சு விரியறப்ப குழாய் ஜில்லுன்னு ஆயிடும். நம்ம மூச்சு ஈரம் அந்தக் குழாயில ஒட்டி, வண்டிக்கடியில சொட்டிடும். காஞ்ச காத்துதான் உள்ள வரும். அதான் கண்ணாடி தெளியுது."

"மாமா, ரோட்டப் பாருங்க. பயமா இருக்கு."

எனக்கும்தான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த விளக்கமும் அந்தப் பயமும். மழை பிடித்தால் மூச்சைக்கூட அடக்கியே ஓட்டுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். ஏசியைப் போடச் சொன்னது நானில்லை. "போடாத, புள்ள செத்துடும்" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ உதறிவிட்டாய்.